பாதிச் சவரம்

"தலையைச் செத்தத் தூக்கிப் பிடிட்டி," என்றார் ஆண்டிச்சாமி.

நாச்சியார் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பெரியப்பா பேண்டேஜ் துணியை நெற்றியில் தொடங்கி, காதுக்கு மேலே கொண்டுபோய், பின்மண்டையைச் சுற்றித் திரும்பவும் நெற்றிக்குக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் முதலுதவிப் பயிற்சியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று எப்போதும் சொல்வார். பொய்யில்லை என்றுதான் தோன்றியது. ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் பிசகாமல் ஏறி உட்கார்ந்தது. குறை சொல்ல முடியாத கட்டு. அடியில் காயம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

"டிஞ்சர் எங்க?"

"எதுக்கு பெரியப்பா?"

"காயம்னா கறை வேண்டாமா? வெள்ளை வெளேர்னு இருந்தா எவன் நம்புவான்?"

நெற்றியோரத்தில் டிஞ்சரைத் தொட்டு வைத்தார். கறை பரவியது. கொஞ்சம் தள்ளி நின்று, சுவரில் படம் மாட்டியவர் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார். திருப்தி வரவில்லை. மிச்சத் துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து, வலது கன்னத்தை மூடி, உச்சந்தலையில் முடிந்தார். இப்போது சரியாக இருந்தது.

வலது கன்னத்தை மூடியாக வேண்டும். அப்பா சுந்தரபாண்டியன் அன்று காலை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பால்பாண்டியின் சலூனில் செத்துப்போயிருந்தார். இடது கன்னம் வழித்தாகிவிட்டது. வலது கன்னத்தில் கத்தியை வைக்கப் போனபோது, "பொறு பால்பாண்டி, நெஞ்சுக்குள்ள என்னமோ..." என்றாராம். பால்பாண்டி பொறுத்தார். அப்புறம் நாற்காலியிலிருந்து சத்தமே வரவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதில், ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். அதனால் அப்பா வீட்டுக்கு இரண்டு முகத்தோடு வந்தார். ஒரு பக்கம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மழமழப்பு. மறுபக்கம் நரைத்த முள்முடி, காதோரத்தில் காய்ந்துபோன சோப்பு நுரை.

"அந்தக் கன்னத்தையும் வழிச்சுட்டா என்ன பெரியப்பா? பால்பாண்டியண்ணன் பெட்டியோட வாசல்ல வந்து நிக்காவ."

"பெட்டி வரட்டும். அவன் வாயி வரக்கூடாது. வாயை வெளிய வச்சுட்டு உள்ள வாரதுன்னா வரச் சொல்லு."

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா வேலுத்தாய் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்தே சொல்லவில்லை.

"நல்லாக் கேட்டுக்க," ஆண்டிச்சாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஒங்கப்பன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான். மண்டையில அடி. அம்புட்டுதான். நெஞ்சுங்கிற பேச்சே இந்த வீட்ல எழக்கூடாது. சம்பந்தி வீட்டுக்கும் எஸ்டிடி பூத்துலருந்து அப்படித்தான் சொல்லிருக்கேன்."

ஆவணியில் நாச்சியாருக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பால்ச்சாமியின் மகன் பொன்னுராஜ் போலீசில் இருந்தான். பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணுடைய அப்பன் ஐம்பது தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனான் என்று தெரிந்தால், அடுத்ததாக ஒரு கேள்வி வரும். அவனுடைய அப்பன் எதில் போனான்? அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆண்டிச்சாமி பாதி ஆயுளைச் செலவழித்திருந்தார்.

அவர் சொல்லும் வம்ச சரித்திரப்படி, அந்த வீட்டில் யாரும் சும்மா செத்ததில்லை. தாத்தா கருத்தையா சோழபுரத்துத் தோட்டத்தில் பருத்திக் களவாணிகளோடு தனியாளாக மல்லுக்கட்டி மாண்டார். நடுப் பெரியப்பா சங்கிலிப்பாண்டி நாட்டின் எல்லையில் உயிர் நீத்தார். யூனிஃபாரத்தில் அவர் படம் கூடத்தில் மாலையோடு தொங்கியது. எந்த எல்லை என்று கேட்டால் ஆண்டிச்சாமி வடக்குப் பக்கமாகக் கையைக் காட்டுவார்.

அப்பா சிரித்துக்கொண்டே நாச்சியாரிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தார். "களவாணியாவது ஒண்ணாவது. எங்கய்யா தண்ணி பாச்சிட்டு வரப்புல உக்காந்தாரு. நெஞ்சைத் தடவுனாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. எங்க நடு அண்ணன் இருக்காம்லா, அவன் பூனாவுல கேன்டீன் வரிசையில நின்னுக்கிட்டு இருந்தான். கையில ரம் பாட்டில். பாட்டில் உடையலையாம். அதுல மட்டும் மிலிட்டரிக்காரன்தான்."

போன பங்குனியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆண்டிச்சாமிதான் டாக்டரிடம் கூட்டிப்போனார். நாச்சியாரும் போயிருந்தாள். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். பிபி பார்த்தார். சிகரெட் உண்டா என்றார், உண்டு. தண்ணி உண்டா என்றார், உண்டு. ஆண்டிச்சாமி லீவுக்கு வரும்போதெல்லாம் கேன்டீனிலிருந்து கொண்டுவந்து கொடுத்துப் பழகியது. உப்பு, எண்ணெய் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "உங்க குடும்பத்துல யாருக்காவது நெஞ்சுவலி இருந்திருக்கா? இருந்தா மதுரைக்குப் போயி பெரிய டெஸ்ட் எடுத்துரலாம்" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். ஆண்டிச்சாமி முந்திக்கொண்டார். "எங்க வம்சமா? எல்லாம் மிலிட்டரி உடம்பு சார். நெஞ்சுங்கிறது எங்களுக்குக் குண்டு வாங்குறதுக்கு மட்டுந்தான்."

டாக்டர் சிரித்தார். அண்ணனைப் பொது இடத்தில் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத அப்பாவும் சிரித்தார். நாச்சியார் பேச வாயெடுத்தபோது அப்பா அவள் கையை அழுத்தினார். மதுரைக்குப் போகவில்லை.

அதற்குப் பதிலாக ஆண்டிச்சாமி ஒரு டின் சூரியகாந்தி எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் டிவி விளம்பரத்தில் எண்ணெய்க்குப் பக்கத்தில் இருதயம் துடிக்க ஆரம்பித்திருந்தது. டின்னை அடுப்படியில் வைக்காமல், வருகிறவர்கள் பார்க்கும்படி கூடத்து அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒன் பொண்டாட்டி கடலெண்ணெயை ஊத்தி ஊத்தியே ஒன்னைக் கெடுத்துட்டாடா" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் வேலுத்தாய் கடலெண்ணெயில் பொரித்த கோழியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றைக்குக் காலையிலும் முதலில் எண்ணெய் மேல்தான் பழியைப் போட நினைத்தார். ஆனால் எண்ணெய் என்றால் நெஞ்சு, நெஞ்சு என்றால் வம்சம். அதனால்தான் பழியைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோனார். தம்பி பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேஸ்திரி. வீட்டில் சுருளுக்குப் பஞ்சமில்லை.

ஜனம் வரத் தொடங்கியது. மேளக்காரர்கள் பந்தலுக்கு வெளியே தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு விசாரித்தாள்.

"எப்படி விழுந்தாவ?"

"வழுக்கிருச்சு," என்றார் ஆண்டிச்சாமி.

"எதுல வழுக்குச்சு?"

இதை ஆண்டிச்சாமி எதிர்பார்க்கவில்லை. "சோப்புத் தண்ணி..."

"சோப்புத் தண்ணியைக் கழுவி விடலையா?"

அவ்வளவுதான். விழுந்தவர் இருந்தால் விழவைத்தவர் வேண்டும். வாசலில் ஒருத்தர் வேலுத்தாய் துணி துவைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டாள் என்றார். பந்தலில் அது பாசியாகியிருந்தது. தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாசியைத் தேய்க்கச் சொல்லி அவர் பல தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை என்று ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் வேலுத்தாயைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுதுகொண்டே, "தரையைப் பாத்து வச்சுக்கக் கூடாதா தாயீ" என்றார்கள். ஆம்பிளைகள் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு, பொம்பளைகளின் கவனக்குறைவால் போன உயிர்களைப் பற்றிப் பேசினார்கள். சுந்தரபாண்டியனுக்கு மூச்சு வாங்கியது யாருக்கும் ஞாபகமில்லை. பாத்ரூமில் செத்தால் எல்லோருக்கும் நிம்மதி. புகைத்துக்கொண்டே கேட்கலாம்.

நாச்சியார் அம்மாவைத் தேடினாள். மூலையில் இல்லை. அடுப்படியில் இல்லை. பின்பக்கம் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது.

வேலுத்தாய் பாத்ரூமில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிமிண்டுத் தரை ஏற்கெனவே சொரசொரவென்றுதான் இருந்தது. அதில் வெறுங்காலோடு ஓடினாலும் யாரும் விழ முடியாது.

"என்னம்மா செய்யிதே?"

"எல்லாரும் வந்து எட்டிப் பாக்காக."

"அப்பா இங்க விழலம்மா!"

"தெரியும்."

"பொறவு எதுக்குத் தேய்க்கே?"

வேலுத்தாய் நாரைத் தண்ணீரில் முக்கினாள். "ஒனக்குக் கல்யாணம் முடியட்டும். இருந்துட்டுப் போட்டும். எம்மேல ஒரு பழி இருந்தா நான் என்ன கரைஞ்சா போயிருவேன்?"

மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். நாச்சியார் அந்த நாரைப் பிடுங்கிச் சுவருக்கு வெளியே எறிந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையாலேயே தேய்த்தாள்.

வாசலில் மேளம் சத்தம் கூட்டியது. சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள்.

பொன்னுராஜுக்குப் பந்தோபஸ்து டியூட்டி, லீவு கிடைக்கவில்லை. பால்ச்சாமியும் அவர் மனைவி இருளம்மாளும் மாலையோடும், வேலுத்தாய்க்குப் போட வேண்டிய கோடிச் சேலை வைத்த மஞ்சள் பையோடும் வந்தார்கள். பால்ச்சாமி வாசல்படி ஏறியதும் நின்று, வீட்டின் முகப்பைப் பார்த்து ரசிப்பவர்போல் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மாலை போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குருவம்மாள் தன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"சீனி போடாதது இருக்குமா?"

"அவியளுக்குச் சின்ன வயசுலருந்தே இனிப்புப் பிடிக்காது," என்று இருளம்மாள் அவசரமாகச் சொன்னாள். பால்கோவா ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இனிப்புப் பிடிக்காமல் போனதை யாரும் ஆராயவில்லை.

ஆண்டிச்சாமி சட்டையைக் கழற்றி உள்ளறையில் போட்டுவிட்டுத் துண்டோடு நின்றார். தம்பியை வழியனுப்பும் தோரணையில் மார்பு நிமிர்ந்திருந்தது. "எமனோட மோதிருப்பான் சம்பந்தி எந்தம்பி. எங்க வீட்ல படுத்துச் செத்தவன் கிடையாது. எங்கய்யா களவாணிகளோட மல்லுக்கட்டி..."

"சொல்லிருக்கீக," என்றார் பால்ச்சாமி.

"எந்தம்பி எல்லையில..."

"அதுவும் சொல்லிருக்கீக."

"இவனுக்குந்தான் என்ன குறை? கல்லு மாதிரி உடம்பு. ஒரு தலைவலி உண்டா, காச்சல் உண்டா? ஒரு பாத்ரூம் தரை கொண்டு போயிருச்சே!"

இருளம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, ஈரக்கையோடு வந்து உட்கார்ந்த வேலுத்தாய் பக்கம் திரும்பினாள். "இருந்தாலும் மயினி, நீங்க ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி விட்டிருக்கலாம். எம்புட்டு நேரம் ஆவப்போவுது? எம்மகன் வந்து போற வீடு. நாளைக்கு அவனும் அந்தத் தரையிலதான கால் வைக்கணும்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் ஆண்டிச்சாமி. "பொம்பளைக்குக் கவனம் பத்தல."

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மயினி. எந்தப்புதான்" என்றாள்.

காலையிலிருந்து அவள் கூட்டத்தில் பேசிய முதல் பேச்சு அது.

நாச்சியார் எழுந்து அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் போனாள். அப்பாவின் உச்சந்தலையில் இருந்த முடிச்சில் கை வைத்தாள். பட்டாளத்து முடிச்சு, விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"ஏட்டி! என்ன செய்யிதே?"

தாடைச் சுற்று முதலில் கழன்றது. பிறகு நெற்றிச் சுற்றுகள் ஒவ்வொன்றாக. நன்றாகச் சுற்றியிருந்ததால் நன்றாகவே பிரிந்து வந்தது. கூடத்தில் அழுகை நின்றது. கட்டு முழுவதும் கழன்றபோது அடியிலிருந்து ஒரு கீறல்கூட இல்லாத நெற்றியும், பாதி வழித்த முகமும், காய்ந்த சோப்பு நுரையும் வெளியே வந்தன.

"பாத்துக்கோங்க அத்தை. எங்க, காயத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

இருளம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த டிஞ்சரை விரலால் தேய்த்தும் பார்த்தாள்.

"அப்பா விழல. சலூன் நாற்காலியில சாஞ்ச மேனிக்கே போயிட்டாவ. நெஞ்சுவலி. எங்க தாத்தாவுக்கும் அதான். வரப்புல உக்காந்து செத்தாவ, களவாணி ஒருத்தனும் வரல. அந்தா படத்துல இருக்காவல்லா, அவியளுக்கும் அதான். எல்லைன்னா கேன்டீன் எல்லை."

"சின்னப்பிள்ளை... அதிர்ச்சியில ஒளறுது சம்பந்தி..."

"நான் ஒளறல பெரியப்பா. டாக்டர் கேட்டப்போ நீங்கதான் ஒளறுனிய." அவள் குரல் உடையவில்லை. உடையும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். "ரத்தத்துலயே இருக்குது. அதுக்கு மேல சிகரெட்டு. அதுக்கு மேல ரம்மு. அதை வாங்கிக் குடுத்தது யாருன்னு பெரியப்பாவே சொல்லுவாவ. எங்கம்மா கடலெண்ணெய் ஊத்துனது நெசம். உப்பு கூடப் போட்டதும் நெசம், அப்பா கேட்டுக் கேட்டு வாங்குவாவ. அம்புட்டும் சேந்துதான் கொண்டு போச்சு. ஆனா அந்தப் பாத்ரூம் தரைக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது. எங்கம்மா இனி அதைத் தேய்க்க மாட்டா."

யாரோ சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார்கள்.

"எனக்கும் வரலாம். வராமலும் போகலாம். தெரிஞ்சு தாலி கெட்டுறதுன்னா கெட்டட்டும். எங்கம்மா தலையில மிதிச்சு ஏறி நான் மணவறையில உக்கார மாட்டேன்."

இருளம்மாள் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சள் பையைக் கையில் எடுத்தாள். கோடி இன்னும் அதற்குள்தான் இருந்தது. புருஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. இன்றைக்கு அந்த வழக்கம் அவளுக்கு மிகவும் தோதாக இருந்தது.

"சம்பந்தி, செத்த பொறுங்க," என்று ஆண்டிச்சாமி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வரவில்லை. அவர் கை மார்புக்குப் போய், சட்டைப் பை இருக்க வேண்டிய இடத்தில் துழாவியது. வெறும் தோல்தான் இருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. சுவரைப் பிடித்தபடி, சறுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல... வாயு... வாயு..."

நாச்சியாருக்கு அந்த வார்த்தை தெரியும். அப்பாவும் அதையே சொல்வார்.

"மாத்திரை எங்க பெரியப்பா?"

"என்ன மாத்திரை? எனக்கெதுக்கு..." மூச்சு முட்டியது. "உள்ள... சட்டையில..."

அவள் உள்ளறைக்குத் திரும்புவதற்குள் ஒரு கை முன்னால் நீண்டது. பால்ச்சாமி. தன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, யோசிக்காமல், பழகிய விரலால் ஒரு மாத்திரையைப் பிதுக்கியிருந்தார்.

"என்னங்க!" என்றாள் இருளம்மாள்.

பால்ச்சாமி பொண்டாட்டியைப் பார்க்கவில்லை. "இதாம்மா. சின்ன மாத்திரை. முழுங்கப்பிடாது" என்றார்.

நாச்சியார் அதை வாங்கிக்கொண்டு பெரியப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். "நாக்கைத் தூக்குங்க."

ஹவில்தார் ஆண்டிச்சாமி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அவள் மாத்திரையை அடியில் வைத்தாள்.

"கரையிற வரைக்கும் பேசக் கூடாது," என்றார் பால்ச்சாமி.

ஆண்டிச்சாமி பேசவில்லை. அந்த வீட்டில் அவர் இருக்கும்போது அத்தனை அமைதியை யாரும் கண்டதில்லை. குருவம்மாள் விசிறினாள். யாரோ ஆட்டோ கூப்பிட ஓடினார்கள். வேலுத்தாய் எழுந்துவந்து, புருஷனுக்கு மூத்தவர் என்று பார்க்காமல், அவர் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள். பாத்ரூம் தரையைத் தேய்த்துச் சிவந்த கை. கொஞ்சங்கொஞ்சமாக அவருக்கு முகம் தெளிந்தது. கண்கள் மட்டும் கூடத்துச் சுவரில் யூனிஃபாரத்தோடு தொங்கிய தம்பியிடமே இருந்தன.

இருளம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். வாசலைப் பார்த்தாள். அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு, கால் கடுத்தவள்போல உட்கார்ந்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை இறக்கித் தரையில், வேலுத்தாய் பக்கமாக வைத்தாள். நகர்த்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

நாச்சியார் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, வாங்க."

பால்பாண்டி பெட்டியோடு எழுந்தார். காலையிலிருந்து பந்தலுக்கு வெளியே வெயிலில் காத்திருந்தார். "பேசலாமா தாயீ?"

"என்ன வேணும்னாலும் பேசுங்க."

உள்ளே வந்த பால்பாண்டி ஒன்றுமே பேசவில்லை. காய்ந்த நுரையை ஈரத்துணியால் துடைத்தார். புதிதாகச் சோப்பைக் குழைத்து வலது கன்னத்தில் போட்டார். நாச்சியார் தலையைப் பிடித்துக்கொண்டாள், காலையில் பிடித்த மாதிரியே. பட்டாளக் கட்டு பெஞ்சுக்கடியில் சுருண்டு கிடந்தது. கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது. அவசரமில்லாத கை. தாடைக்கு அடியில் வந்ததும், உயிரோடிருக்கிற ஆளுக்குச் செய்வதுபோல் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் துண்டால் ஒற்றினார். பிறகு, பழக்கத்தில், பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துச் சுந்தரபாண்டியனின் முகத்துக்கு நேரே பிடித்தார். பிடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆனால் கண்ணாடியை விலக்கவில்லை. வலது கன்னத்துக்காக அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினார். பிறகு இந்தப் பக்கம்.